எழுப்ப வேண்டாம்

“தூங்கறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா? அதை வீட்டுலயே செஞ்சிருக்கலாமே!”

சாயங்கால டீ நேரம். விடுதியின் நீள வராந்தாவில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் அண்ணி சொன்னாள்.

வந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. நாத்தனார் தன் அறையை விட்டு வெளியே வந்தது மொத்தம் நாலு தடவை. நாலும் சாப்பாட்டுக்கு. அப்போதும் பாதிக் கண் மூடித்தான் இருந்தது.

தேசியப் பூங்காவுக்கு நட்ட நடுவில், நூற்றுப் பத்து வருஷத்துக்கு முன்னால் முழுக்க மரத்தாலேயே கட்டிய விடுதி. ஜன்னலைத் திறந்தால் ஏரி. கூடத்தில் ஆள் உயரத்துக்குக் கணப்பு. இதெல்லாம் இருந்து என்ன, அந்த மகாராணிக்குத் தலகாணி இருந்தால் போதும்!

“எங்க வீட்டு மாப்பிள்ளை இருக்காரே, இவ புருஷன், அவர்தான் இவளைத் தனியா அனுப்ப மனசில்லாம எங்களுக்கும் சேர்த்து ஒரு ரூம் போட்டுக் கொடுத்தார்” என்றாள் அண்ணி, பக்கத்து நாற்காலியில் இருந்த பல் டாக்டரின் மனைவியிடம். “ஏதோ நாங்க வந்தோம், காட்டைப் பார்த்தோம். இவ உத்தரத்தைக்கூடப் பார்க்கலை.”

“மாப்பிள்ளை ஏன் வரலை?”

“அவருக்கு ஏதோ வேலை. அது கிடக்கட்டும், நீங்க மிருகம் பார்க்கிற அந்தக் கோபுரம் ஏறினீங்களா? நூத்திப் பன்னெண்டு படி! நான் ரெண்டு தடவை ஏறி இறங்கிட்டேன். உங்க வீட்டுக்காரர் பாதியிலயே உட்கார்ந்துட்டாரே, பாவம்!”

அண்ணியின் புருஷன் மெல்ல வாயைத் திறந்தார். “அவ தூங்கினா தூங்கட்டுமே, விடேன்.”

“தங்கச்சியைச் சொன்னா உடனே பொத்துக்கிட்டு வந்துடுமே! நீங்க டீயைக் குடிங்க.”

அவர் டீயைக் குடித்தார்.

அந்த விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கதவிலும் ஒரு சின்ன மரப்பலகை தொங்கும். ஒரு பக்கம் ‘எழுப்பவும்’. மறுபக்கம் ‘எழுப்ப வேண்டாம்’. விடிகாலையில் ஏதாவது மிருகம் ஏரிக்குத் தண்ணீர் குடிக்க வந்தால், பணியாளர் கைமணியை ஆட்டிக்கொண்டு போய், ‘எழுப்பவும்’ என்று இருக்கிற கதவுகளை மட்டும் தட்டுவார்.

நாத்தனாரின் கதவில் இரண்டு நாளும் ‘எழுப்ப வேண்டாம்’தான்.

அறைக்குத் திரும்புகிற வழியில் அண்ணி அதைத் திருப்பித் தொங்கவிட்டாள். எல்லாம் அவள் நல்லதுக்குத்தான். ஊருக்குப் போய் என்னத்தைப் பார்த்தேன் என்று சொல்லுவாள்?

மறுநாள் விடிந்தும் விடியாமலும் மணி அடித்தது. ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார் பணியாளர்.

“வந்துட்டேன்! இதோ வந்துட்டேன்!”

அலறியபடியே கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள் நாத்தனார். காலில் செருப்பில்லை. அவிழ்ந்த முடி ஒரு கையில். வராந்தாவுக்கு வந்தவள், எந்தப் பக்கம் போவதென்று தெரியாதவள் போல விழித்தாள்.

“என்ன... என்ன வேணுமாம்?”

“கரடிக்கு உன்னைப் பார்க்கணுமாம்!” என்றாள் அண்ணி.

வராந்தாவே சிரித்தது.

ஏரிக் கரையில் ஒரு கரடி, இரண்டு குட்டிகளோடு. கேமராக்கள் படபடத்தன. நாத்தனாரும் பார்த்தாள். “நல்லா இருக்கு அண்ணி” என்றாள். அப்படியே பிரம்பு நாற்காலியில் சரிந்தாள். கரடி தண்ணீரை விட்டுத் தலையைத் தூக்குவதற்குள் மறுபடியும் தூங்கிவிட்டாள்.

“பார்த்தீங்களா கூத்தை!” என்றாள் அண்ணி. “உடம்புல ஒரு நோய் நொடி கிடையாது. அத்தனையும் சோம்பேறித்தனம். நானெல்லாம் இவ வயசுல பம்பரமாச் சுத்தினவ.”

பல் டாக்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கரடி குட்டிகளோடு புதருக்குள் போய் மறைந்தது. பணியாளர் ஒரு காகிதத்தோடு வந்து, தூங்குகிறவளைப் பார்த்துத் தயங்கினார்.

“இவங்க வீட்டுக்காரர் நம்ம விடுதி ஆபீசுக்குப் போன் பண்ணினார். அறையில போன் கிடையாதே, அதான் சொல்லச் சொல்ல அப்படியே எழுதிக்கிட்டேன்.”

“நான் அவ அண்ணிதான். சொல்லுங்க.”

“அவங்க எழுந்ததும்...”

“அவ என்னிக்கு எழுந்து, என்னிக்குப் படிக்கிறது? என் கண்ணாடி வேற ரூம்ல இருக்கு. நீங்களே படிங்க. எங்களுக்குள்ள என்ன ஒளிவு மறைவு? சத்தமாவே படிங்க!”

பணியாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார்.

“‘உங்கம்மாவுக்குப் படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டு, உடம்பு துடைச்சு, துணி மாத்தியாச்சு. ராத்திரி ஒன்பது தடவைதான் கூப்பிட்டாங்க. நாலு வருஷமா நீ எப்படித்தான் தாங்கினியோ...’”

அண்ணியின் புருஷன் எழுந்து தூண் ஓரமாகப் போய், போய்விட்ட கரடியைத் தேட ஆரம்பித்தார்.

“போதும், போதும். கொடுங்க இப்படி” என்று அண்ணி கையை நீட்டினாள்.

“இன்னும் ஒரே வரிதாம்மா” என்றார் பணியாளர். சொன்ன வேலையை முழுசாகச் செய்து பழகிய மனிதர்.

“‘மூணே மூணு நாள் மாமியாரைப் பார்த்துக்கக் கேட்டதுக்கு, முதுகு வலியில எழுந்து உட்காரவே முடியலைன்னாங்களே உங்க அண்ணி, அவங்களுக்கு இப்பத் தேவலையான்னு நான் விசாரிச்சதாச் சொல்லு.’”