சத்தம் கூட்டும் பட்டன்

"தம்பி, இதில சத்தத்தைக் கூட்டினால் குறையுது. குறைச்சால் கூடுது. இது என்ன கோதாரி?"

மரியநாயகி அன்ரி டேப்லட் கம்ப்யூட்டரை மேசையில் வைத்தார். லண்டன் செவன் கிங்ஸில் உள்ள நிர்மலனின் கம்ப்யூட்டர் திருத்தும் கடைக்கு அந்த வாரம் அவர் வருவது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் அவன் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரு பிழையும் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தான்.

இந்தத் தடவைதான் அவனுக்கு விஷயம் பிடிபட்டது.

"அன்ரி, வீட்டில ஆரோ இதைத் தலைகீழா வைக்கினம். திருப்பினால் படம் தானா நிமிர்ந்திடும். பட்டன் நிமிராது. கூட்டுற பட்டன் கீழ போயிடும். அவ்வளவுதான்."

"ஆரோ இல்லை. அவர்தான்."

"அங்கிளோ?"

"ஓம். பின்னேரம் நாலு மணிக்கு முன்னம் வந்து திருப்பி வைக்கிறார். கேட்டால் வயர் இழுபடுதாம். ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படி. எனக்குக் காதும் மந்தம். எந்தப் பட்டன் எண்டு நான் தடவிப் பிடிக்கிறதுக்குள்ள பேர் வாசிச்சு முடிஞ்சிடும்."

நாலு மணிக்கு இணையத் தமிழ் வானொலியில், முகாம்களுக்கு உயிரோடு வந்து சேர்ந்தவர்களின் பேர்களை வாசிப்பார்கள். அது முடிய மரண அறிவித்தல். ஊரில் போர் முடிந்து ஒரு மாதமாகிறது. படிப்பிக்கிறேன் என்று வன்னியிலேயே நின்றுவிட்ட ஒரே மகன் ஜெஸ்ரினின் பேர் முதலாவதில் வர வேண்டும், இரண்டாவதில் வரக்கூடாது. அன்ரிக்கு இப்போது வேறு செபம் இல்லை.

"அங்கிள் பக்கத்தில இருந்து கேக்கிறேல்லையோ?"

"அவரோ? பேர் வாசிக்கத் தொடங்க எழும்பித் தோட்டத்துக்குப் போயிடுவார். புல்லுப் பிடுங்கிறாராம். வீட்டுப் போன் ஒரு கிழமையா வேலை செய்யேல்லை, அதையும் பாக்கிறாரில்லை. ஞாயிறு பூசைக்கும் கூட்டிக்கொண்டு போகேல்லை. முழங்கால் நோவாம். முழங்கால் நோகிற மனுசன் குந்தி இருந்து புல்லுப் பிடுங்குது!"

நிர்மலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கஸ்பர் அங்கிளை அவனுக்குத் தெரியும். ஜேர்மனியில் இருபது வருடம் பேக்கரியில் நின்றவர். லண்டன் வந்த பிறகு தேவாலயப் பங்கில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் ஓடுகிறவர். ஊருக்கெல்லாம் ஓடுகிறவருக்குச் சொந்தப் பிள்ளையின் பேரைக் கேட்கப் பத்து நிமிடம் இல்லையா?

"குறை நினையாதேங்கோ அன்ரி. பெத்த பிள்ளையை விடப் புல்லுத்தான் பெரிசோ அவருக்கு?"

 அன்ரி கோட்டுக் கையால் திரையைத் துடைத்தார்.

நிர்மலன் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தான். அரை மணி நேரத்தில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி அதில் ஏற்றினான்.

"இனி எப்பிடித் திருப்பி வைச்சாலும் மேல் பட்டன் சத்தத்தைக் கூட்டும், கீழ் பட்டன் குறைக்கும். அங்கிளிட்டைச் சொல்லாதேங்கோ. அவர் பாட்டுக்குத் திருப்பிக்கொண்டு இருக்கட்டும்."

"நீ நல்லா இருப்பாய், தம்பி."

அன்று முழுவதும் அவனுக்கு மனம் நிறைவாக இருந்தது. மனைவி துஷ்யாவிடமும் பெருமையாகச் சொன்னான்.

அடுத்த நாள் காலை அன்ரி மறுபடியும் வந்தார்.

"இதைப் பழையபடி ஆக்கி விடு, தம்பி."

"ஏன் அன்ரி, வேலை செய்யேல்லையோ?"

"செய்தது. நேற்று நல்லாக் கேட்டுது."

"ஜெஸ்ரின் அண்ணையின்ர பேர் வந்ததோ?" ஆசையோடு கேட்டான்.

"வந்தது." அன்ரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "லண்டனில் வசிக்கும் கஸ்பர், மரியநாயகி தம்பதிகளின் பாசமிகு மகன் எண்டு வாசிச்சாங்கள். என்ர பேரும் வந்தது."

முகாம் பட்டியலில் தாய் தகப்பன் பேரை அப்படி வாசிப்பதில்லை; மரண அறிவித்தலில்தான் வாசிப்பார்கள். நிர்மலன் கதிரையை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தான்.

"கடைசியில தொடர்புக்கு எண்டு ஒரு நம்பர் வாசிச்சாங்கள். அவரின்ர மொபைல் நம்பர். அறிவித்தல் குடுத்ததே அவர்தான். ஒரு கிழமையாப் போகுது போல. பிள்ளைக்கு ஒரு அறிவித்தல் கூடக் குடுக்காமல் விட அவருக்கு மனம் வரேல்லை. எனக்குச் சொல்ல வாய் வரேல்லை."

வீட்டுப் போன், ஞாயிறு பூசை, தலைகீழாக வைத்த திரை. புல்லு. நிர்மலனுக்குத் தன் வாயிலேயே அறைய வேண்டும் போல் இருந்தது.

"அங்கிளோட கதைச்சனீங்களோ?"

"தோட்டத்தால வந்து, 'இண்டைக்கு ஏதும் கேட்டுதோ' எண்டார். கண் ரெண்டும் சிவந்து கிடந்தது. 'எங்க கேட்டது, சத்தம் குறைஞ்சு போச்சு' எண்டன். பிறகுதான் ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சார்."

"எல்லாம் தெரிஞ்ச பிறகு ஏன் அன்ரி இதைப் பழையபடி..."

"இண்டைக்கும் நாலு மணிக்கு அவர் திருப்பி வைப்பார். நான் மேல் பட்டனை அமத்த வேணும், சத்தம் குறைய வேணும். எனக்கு இன்னும் தெரியாது எண்ட ஒண்டுக்காகத்தான், தம்பி, அந்த மனுசன் எழும்பி நடமாடுது."