பாதி அறுத்த வேப்பம்பலகை

பலகை நின்றுவிட்டது.

பிளேடு நிற்கவில்லை.

ரம்ப மேசையில் அவள் தள்ளிக்கொண்டிருந்த ஏழடி வேப்பம்பலகை, பாதி தூரம் அறுபட்டபின் அசைய மறுத்தது. அறுத்த இடைவெளி பின்னால் மெல்ல மூடிக்கொண்டு வந்து, சுற்றுகிற பிளேடைக் கவ்விப் பிடித்திருந்தது. உறுமிக்கொண்டிருந்த மோட்டார் முனக ஆரம்பித்தது. பெல்ட் கருகும் வாடை.

தள்ள முடியவில்லை. இழுக்கக் கூடாது.

விடவும் கூடாது. விட்டால் பலகை பின்னால் பாயும். பாய்கிற வேகத்தில் எடுக்கிற கையையும் பிளேடுக்கு இழுத்துவிடும். வழக்கமாக அவள் ஓரமாக ஒதுங்கி நின்றுதான் அறுப்பாள். இன்று ஓரம் முழுக்க நிலைச் சட்டங்கள் அடுக்கியிருந்ததால் பலகைக்கு நேர் பின்னே நின்றிருந்தாள். அதன் முனை அவள் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம், அறுபட்டு வந்த முனையை ஏந்திக்கொண்டு அவள் புருஷன்.

அவனாலும் விட முடியாது.

ஒன்பது நாளைக்குப் பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். வேறெங்கும் பார்க்க வழியில்லை. புருவத்தில் மரத்தூள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எப்போது இப்படி இளைத்தான்?

ஒன்பது நாளைக்கு முன்னால், கதவுக்கு ஆர்டர் கொடுக்க வந்த வாத்தியார், "மெசின்ல அம்மாவுமா அறுக்கறாங்க?" என்று வியந்தார். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"அட, நீங்க வேற சார். சும்மா கூடமாடப் புடிப்பாங்க."

பதினொரு வருடமாக இந்தப் பட்டறையில் அறுப்பது அவள்தான். மூன்றேகால் அங்குலம் என்றால் மூன்றேகால். ஒரு நூல் பிசகாது. பிடிக்கிறவன் அவன்.

அன்று அவள் பேச்சை நிறுத்தினாள். சோறு போட்டாள், துணி துவைத்தாள், பலகை அறுத்தாள். தவிர்க்கவே முடியாததைச் சுவரிடம் சொன்னாள்.

"யாருக்கோ சோறு ஆறுதாம்."

அவனும் சுவருக்கே பதில் கொடுத்தான்.

"வாரேன்னு சொல்லு."

சுவரை நடுவில் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தலாம். ரம்பம் ஓட்ட முடியாது.

பிளேடுக்குப் பின்னால் ஒரு சிறு இரும்புத் தகடு நிற்கும். அறுத்த இடம் மூடிக்கொள்ளாமல் அதுதான் காக்கும். பலகையில் காடி எடுக்கிற, அதாவது நீளப் பள்ளம் இழுக்கிற, வேலை வந்தால் அதைக் கழற்றுவார்கள். திரும்ப மாட்டியவர் குரல் கொடுக்க வேண்டும்: "தகடு நிக்குது." மற்றவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "நிக்குது." அதற்கப்புறம்தான் சுவிட்சு. பதினொரு வருடத்தில் ஒருநாள்கூட அது தவறியதில்லை.

இந்த ஒன்பது நாளில் காடி வேலை வந்தது இன்று காலைதான்.

அவன் மாட்டியிருப்பான் என்று அவள் இருந்துவிட்டாள். அவள் மாட்டியிருப்பாள் என்று அவன் இருந்திருப்பான்.

தகடு ஜன்னல் விளிம்பில் கிடந்தது.

இருவரும் ஒரே சமயத்தில் அதைப் பார்த்தார்கள்.

சுவிட்சு கதவோரச் சுவரில் இருந்தது. அவனுக்கு நாலு எட்டு. அவன் முனையை விட்டுவிட்டுப் போனால், அந்த நாலு எட்டுக்கும் பலகையின் மொத்த முறுக்கும் அவள் கையில் இறங்கும்.

அவன் கண் சுவிட்சுக்குப் போனது. அவள் கைக்கு வந்தது. மறுபடியும் சுவிட்சுக்குப் போனது.

கால் நகரவில்லை.

விட மாட்டான். அவளுக்குத் தெரியும். மோட்டார் புகைந்து போனாலும் இப்படியே பிடித்துக்கொண்டு நிற்பான். அவள் ஒருத்தி தாங்குவாள் என்று நம்ப அவனுக்கு வராது.

பலகை ஒரு துள்ளு துள்ளியது. உள்ளங்கையில் சிராய் ஏறியது.

வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது.

"வுடுங்க மாமா!"

"ஒத்தையில உன்னால ஆகாது அம்மிணி!"

"ஆகுங்க! இத்தன வருசமா யாரு அறுத்தாங்களாம்? வுட்டுப்போட்டுப் போங்க!"

அவன் அவளைப் பார்த்தான்.

விட்டான்.

முதல் எட்டில் அவள் முழங்கைகள் உதறின. இரண்டாவதில் பலகை பின்வாங்கி வயிற்றைத் தொட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை முன்னால் சாய்த்தாள். மூன்றாவதை அவள் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள்.

டக்.

மோட்டார் அடங்கியது. பிளேடு இறுகி நின்றது. தூள் மட்டும் ஜன்னல் வெயிலில் இறங்கிக்கொண்டிருந்தது.

இனி கையை எடுக்கலாம்.

விரல்கள் கேட்கவில்லை.

அவன் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தான். பலகையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்று, அவள் சுண்டுவிரலை மரத்திலிருந்து பிரித்தான். பிறகு அடுத்ததை. அவன் கைக்கு எப்போதும் ஓர் அவசரம் உண்டு. இப்போது இல்லை. ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உதடு சத்தமில்லாமல் அசைந்தது.

பத்தும் வந்தன.

பத்தாவதை அவன் விடவில்லை.

அவள் இழுத்துப் பார்த்தாள்.

பலமாக இல்லை.