இரண்டு புள்ளி ஐந்தின் வர்க்கமூலம்

"புள்ளியிலேர்ந்துதான் ரெண்டு ரெண்டாப் பிரிக்கணும். அறிவிருக்கா உனக்கு?"

எதிர்வீட்டிலிருந்து வந்த சத்தத்தில் தையல்காரியின் கையிலிருந்த துணி நழுவியது. அவள் இந்தக் குடியிருப்புக்கு வந்து சில நாட்கள்தான் ஆகின்றன. இதுவரை அந்த வீட்டில் பேச்சுக்குரலே கேட்டதில்லை.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, தாளும் பென்சிலுமாக. 2.5-க்கு வர்க்கமூலம் போட்டுக்கொண்டிருந்தாள் போல. இரண்டையும் ஐந்தையும் சேர்த்து இருபத்தைந்தாக்கி, விடை 0.5 என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"ரெண்டு தனி. அஞ்சுக்குப் பின்னால சைபர் போட்டு ஐம்பது தனி. எத்தனை தடவைடி சொல்றது, மக்கு."

இடது கையால் மேசையில் ஓங்கி அடித்தார். நாக்குக் குழறியது. பட்டப்பகலிலேயே குடித்திருக்கிறான் என்று தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஒருவனிடம் வாங்கிய திட்டும் உதையும் போதுமென்றுதான் அவள் தனியாக வந்திருந்தாள்.

அந்தம்மா அடுத்து 0.9-ஐ எழுதி, விடை 0.3 என்றாள். அவர் தாளைப் பிடுங்கிக் கசக்கி அவள் முகத்திலேயே எறிந்தார்.

அதற்கு மேல் தையல்காரிக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போய்க் கதவை இடித்தாள். திறந்த அந்தம்மாவின் கண்ணெல்லாம் நீர். கணக்கு வரவில்லை என்பதற்காகக் கட்டின மனைவியை இப்படியா பேசுவான், நீங்கள் ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறீர்கள், கிளம்பி என் வீட்டுக்கு வாருங்கள், போலீஸைக் கூப்பிடுகிறேன் என்று உள்ளே கேட்க வேண்டுமென்றே பொரிந்து தள்ளினாள்.

அந்தம்மா அவள் கையைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்து, கதவைச் சாத்தினாள்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா. பக்கவாதம் வந்ததிலேர்ந்து அவர் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரலை, இன்னிக்குத்தான் வருது. அவரை மாதிரி நானும் கணக்கு டீச்சர்தான். அவருக்குக் கோபம் வரணும்னுதான் காலையிலேர்ந்து தப்புத் தப்பாப் போட்டுட்டிருக்கேன்."