அழுத்தம் திருத்தமாக

சக தொழிலாளி அப்பாவுவின் விரலை நறுக்கிய பிரஸ் மெஷினை ஓட்டியது யார் என்று அம்பத்தூர் கம்பெனியில் விசாரணை. பழி உத்தமன் மேல் விழுந்திருந்தது. விசாரித்த அதிகாரி வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது.

“நீ தமிழ்லயே சொல்லு, நான் கூட வந்து இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்றேன்” என்றார் யூனியன் உலகநாதன்.

“வேணாம் அண்ணாத்தே. ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்கு சும்மாவா போய்கினு கீறேன்? அழுத்திச் சொல்லணும்னா ‘இட் வாஸ்’னு ஆரம்பிச்சு, ஆளை முன்னாடி தூக்கி வெக்கணும். நானே பேசிக்கிறேன்.”

மெஷினை ஓட்டியது நான் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் ஆவடியிலிருந்து ரயிலில் முணுமுணுத்துக்கொண்டே வந்திருந்தான். தனியாக உள்ளே போய், திக்காமல் திணறாமல் சொன்னான்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். “குட் இங்கிலீஷ்!”

உத்தமனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் உலகநாதன் வீடு தேடி வந்தார்.

“வேலை பூட்ச்சுடா. ஓட்டுனது நான்தான்னு நீயே ஒத்துக்கினியாமே?”

“ஐயோ, இல்ல அண்ணாத்தே! ‘இட் வாஸ் ஐ ஹூ ஸ்டார்ட்டட் த மெஷின்’னு சொல்லி, கடைசியில ‘நோ’ன்னு அழுத்தினேனே!”

உலகநாதன் தலையில் கைவைத்துக்கொண்டார். “அடப்பாவி! இங்கிலீஷ்ல ‘நாட்’ முன்னாடியே வரணும்டா. தமிழ் மாதிரி கடைசியில ‘நோ’ போட்டா, ‘நான்தானே ஓட்டுனேன்’னு ஆயிடும்.”

“தெரியாம சொல்லிட்டான்னு அந்த அதிகாரிகிட்ட எடுத்துச் சொல்லேன் அண்ணாத்தே!”

“சொல்லாம இருப்பனா? இவ்ளோ சுத்தமா இங்கிலீஷ் பேசறவன் தெரியாம சொல்லியிருக்க மாட்டான்னுட்டார்.”