ஞாயிற்றுக்கிழமை இருமல்

அப்ரின் இருமினாள். உடனே, பக்கத்தில் இருந்த செல்வலட்சுமியின் பேனா நகர்ந்தது.

தனுஷ்கோடி சாருக்கு இனி சந்தேகமே இல்லை.

விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கிக்கு மேல்மாடியில் எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறவர் அவர். கீழே மூட்டையைப் பிரித்தால் மாடியே இருமும். அது பழகிப்போனதுதான். ஆனால் இன்று ஞாயிறு, கிட்டங்கி பூட்டிக் கிடக்கிறது. அதிலும் இருமுகிறவள் வத்தல் வியாபாரி முகைதீன் மகள். லோடு இறங்குகிற நாளில் தெருவே தும்மினாலும் மூக்கைக்கூடத் தொடாத பெண்.

மாதிரித் தேர்வில் ஆங்கிலப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. பத்தியை வாசி, தெரிந்ததை எழுது, தெரியாததை விட்டுவிட்டு ஓடு, ஒரே இடத்தில் உட்கார்ந்தால் நேரம் போய்விடும் என்று அவர் வாய் ஓயாமல் சொல்லுவார். செல்வலட்சுமி நன்றாக வாசிக்கிறவள்தான். ஆனாலும் பாதித் தாளை வெறுமையாகவே நீட்டிக்கொண்டிருந்தாள். அப்ரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் முழுசாக முடிக்கிறாள். எப்படி என்று இப்போது விளங்கிவிட்டது.

தாள்களை வாங்கி வைத்துவிட்டு அப்ரினை மாடிப்படிக்கு அழைத்தார்.

"ஒரு இருமல்னா ஏ, ரெண்டுன்னா பி. அப்படித்தானே?"

"இல்ல சார்."

"கிட்டங்கி பூட்டிக் கெடக்கு. ஒனக்கு மட்டும் எங்கயிருந்தும்மா நெடி ஏறுது? நாளையிலயிருந்து ரெண்டு பேரும் வர வேண்டாம்."

ரெண்டு பேரும் என்றதும்தான் அவள் நிமிர்ந்தாள்.

"அவள விட்டுருங்க சார். நான் எதுக்கு இருமுறேன்னு அவளுக்கே தெரியாது. வத்தல் நெடின்னுதான் நெனச்சிக்கிட்டிருக்கா."

பிறகு படிக்கட்டைப் பார்த்தபடியே சொன்னாள். செல்வலட்சுமிக்குச் சொந்த ஊர் அச்சங்குளம். போன வருஷம் அங்கே பட்டாசு செய்கிற ஆபீஸ் வெடித்ததில் அவள் அண்ணன் போய்விட்டான். வாசிக்கிற பத்தியில் தீ, புகை என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அந்த வரியிலேயே நின்றுவிடுவாள். நேரம் போவது தெரியாது.

"தொட்டுக் கூப்பிட்டா ஒடம்பெல்லாம் நடுங்கிருது சார். இருமினா மெதுவாத் திரும்பி வந்துருவா. மொதல்ல ரொம்ப நேரம் இருமணும். இப்ப அம்புட்டு வேண்டியதில்ல."

"பரீட்சையில யாரு இருமுவா?"

"அதுக்குள்ள தேவைப்படாமப் போயிரும் சார். அவகிட்ட மட்டும் சொல்லிராதீக."

இன்றைய பத்தி பட்டாசுத் தொழிலைப் பற்றியது. நம்ம ஊர் விஷயம், பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கும் என்று தனுஷ்கோடியே தேடி எடுத்தது.

தெரியாததை விட்டுவிட்டு ஓடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். தெரிந்ததை விட்டுவிட்டு ஓட முடியாத பிள்ளை ஒன்று எதிரிலேயே இருந்திருக்கிறது. ஒருநாளாவது வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கலாம்.

"நாளைக்கு ரெண்டு பேரும் வந்துருங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு, சொந்தத்தில் கல்யாணம் என்று அப்ரின் வரவில்லை. சார் பார்த்துப் பார்த்து எடுத்த பத்தியிலும் எங்கோ ஒரு புகை தப்பியிருந்தது; தேர்வு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் செல்வலட்சுமியின் பேனா நின்றது. கண் தாளில் இருந்தது, ஆள் அங்கே இல்லை.

இருமல் கேட்டது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். இருமியது தனுஷ்கோடி சார்.

"கிட்டங்கி பூட்டிக் கெடக்கே சார்" என்றான் முன்பெஞ்சு பாண்டி.

"பூட்டுப் போட்டா நெடி உள்ளயே நின்னுருமாலே? ஒன் தாளப் பாரு."

சொல்லிவிட்டு, செல்வலட்சுமியின் பக்கம் பார்க்காமலே இன்னொரு தடவை இருமினார்.