குருவம்மாள் பிடுங்கிய ஒயர்

“பெருக்குற கைக்குக் கம்ப்யூட்டர் ஒயர்ல என்ன வேலை? நாளையிலருந்து இந்தப் பக்கமே வராத!”

பாண்டிமுருகன் முதலாளி போட்ட சத்தத்தில் பைண்டிங்கில் இருந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

குருவம்மாள் அசையவில்லை. நாலு கம்ப்யூட்டரையும் இணைக்கிற பெட்டியிலிருந்து பிடுங்கிய நாலு ஒயரும் இன்னும் அவள் கையில்தான் இருந்தன.

திருத்தங்கலில் இருக்கிற அந்தக் காலண்டர் அச்சகத்துக்கு இது உயிர் போகிற நேரம். ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் ஆறே நாள். அன்றைக்குப் பூஜை போட்டு 2009 காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிட வேண்டும். பிந்தினால் ஏஜெண்டுகள் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார்கள். ஆல்பம் முழுக்கக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. ஒயரைப் பிடுங்கியதும் மூன்று கம்ப்யூட்டரில் வேலை பாதியில் நின்றுவிட்டது. நாலாவதின் திரையில் இங்கிலீஷில் ஒரு மிரட்டல். உங்கள் பைல்களைப் பூட்டிவிட்டோம், பணம் அனுப்பினால் சாவி தருவோமாம்.

எல்லாவற்றுக்கும் ஒயரைப் பிடுங்கியவள்தான் காரணம் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். கோபம் வந்தால் அவருக்கு விசாரணையெல்லாம் கிடையாது, தீர்ப்பு மட்டும்தான்.

நடந்ததைப் பார்த்த ஒரே ஆள் டிசைனர் பிரபாகரன். “ஐயையோ, பைல் ஒவ்வொண்ணா பூட்டிக்கிட்டே போகுதே! அடுத்த கம்ப்யூட்டருக்கும் போயிரும் போலயே!” என்று அலறியதே அவன்தான். அலறியவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, குருவம்மாள்தான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். இப்போது அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் தன் வேலையும் போய்விடுமோ என்று அவனுக்குப் பயம்.

அவனிடம் சாட்சி கேட்டுக் கெஞ்ச குருவம்மாளுக்கு மனசு வரவில்லை.

“போறேன் மொதலாளி. ஆனா கம்ப்யூட்டர் மெக்கானிக் வரட்டும். எம்மேலதான் தப்புன்னு அவரு வாயால சொல்லட்டும். கெட்ட பேரோட இந்தப் படி எறங்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலாளி முன்னால் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

மெக்கானிக் மாரிக்கண்ணன் விருதுநகரிலிருந்து பைக்கில் வந்து சேர மணி நாலு. அரை மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஒயரைப் பிடுங்குனது யாரு?”

“இந்தா, மகாராணி மாதிரி உக்காந்திருக்காளே, இவதான்.”

“அவுகளைக் கும்பிடுங்க மொதலாளி. இது வைரஸ். ஆர்டர்னு சொல்லி மெயில்ல ஒரு பைல் வந்திருக்கு. அதைத் திறந்ததும் இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிற அம்புட்டையும் பூட்டிருச்சு. அடுத்து ஒயர் வழியா மத்த மூணுக்கும் போயிருக்கும். அதுக்குள்ள பிடுங்கிட்டாக. ஆல்பம் அந்த மூணுல பத்திரமா இருக்கு.”

“அப்ப பணத்தைக் கட்டணுமாப்பா?”

“சல்லிக்காசு கட்டாதீக. வாங்கிட்டுச் சாவி தருவான்கிறதுக்கு என்ன நிச்சயம்? இதை மட்டும் மொத்தமா அழிச்சு, விண்டோசைப் புதுசா ஏத்துறேன். இதுல இருந்தது போனதுதான். மத்த மூணையும் தனித்தனியா சோதிச்சுட்டு, அப்புறம் ஒயரை மாட்டுவோம்.” குருவம்மாள் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு யாருக்கா இதைச் சொல்லிக் கொடுத்தது?”

“கம்ப்யூட்டரு எனக்கு என்னத்தத் தெரியும் தம்பி? விஸ்வநத்தத்துல பதினாலு வருசம் பட்டாசு வேலை பாத்தவ நான். ஒரு ரூமு பொகஞ்சா, அதையே பாத்துக்கிட்டு நிக்க மாட்டோம். அடுத்த ரூமுக்குத் தீ தாவாம, நடுவுல காயிற சரக்கத்தான் மொதல்ல இழுத்து அங்கிட்டு எறிவோம். பரவுதுன்னு இவன் கத்துனதும் கை தன்னால போயிருச்சு.”

சொல்லும்போது அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் பதினாலு வருஷத்தை இதுவரை யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

முதலாளியின் கோபம் தோதாக அடுத்த ஆளிடம் தாவியது.

“ஏலே பிரபாகரா! கண்ட மெயிலையும் திறந்தது நீதானா? வெளிய போலே!”

“நான் திறக்கல மொதலாளி...” அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

மாரிக்கண்ணன் திரையைப் பார்த்தார். “பைலைத் திறந்தது மத்தியானம் ஒண்ணு இருபதுக்கு.”

“அந்நேரம் நான் சாப்பிடப் போயிருந்தேன்!”

“அப்ப இந்தச் சேர்ல யாரு உக்காந்திருந்தது? நீங்க பாத்தீகளாக்கா?”

குருவம்மாளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. அச்சகத்தில் இன்டர்நெட் இருப்பது அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான். ஒண்ணு இருபதுக்கு அந்தச் சேரில் உட்கார்ந்து, “மலேசியாவுலருந்து ஆர்டர் வந்திருக்கு” என்று சிரித்தவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்ததே அவள்தான்.

அவர் இப்போது கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பத்துப் பதினைந்து பேர் அவள் வாயையே பார்த்தார்கள். இத்தனை பேர் முன்னால்தான் அவளை அவர் அப்படிப் பேசினார். ஒரு வார்த்தை போதும்.

“எனக்கு ஞாபகம் இல்ல தம்பி,” என்றாள் குருவம்மாள். “மொதலாளிக்கு ஞாபகம் இருக்கும். அவுகளே சொல்லுவாக.”

பாண்டிமுருகன் கர்சீப்பை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“நான்தான் மாரிக்கண்ணா திறந்தேன்,” என்றார், தெரு வரைக்கும் கேட்கிற குரலில். “இவன் மேலயும் தப்பில்ல, குருவம்மா மேலயும் தப்பில்ல. எல்லாரும் போயி வேலையப் பாருங்க.”

பிறகு ஸ்டூலில் இருந்த குருவம்மாள் பக்கம் திரும்பினார்.

“அக்கா, நீங்களுந்தான்.”