விட்டுப் பிடிக்கும் வேலை

"கொளுத்துற வெயில்ல எவனாவது ஸ்வெட்டர் போடுவானா சார்? உள்ள சரக்கு இருக்கு!"

மோட்டார் கம்பெனியின் கேட் செக்யூரிட்டி போனில் கிசுகிசுத்தார். அவருக்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர் கழுகு. மறுமுனையில் மேனேஜர்.

"அப்புறம் ஏன்யா இன்னும் புடிக்கல?"

"இப்ப புடிச்சா ஒரு சுருள் கம்பி சிக்கும். புத்தி கெட்டு எடுத்துட்டேன்னு கால்ல விழுவார். நீங்களும் இரக்கப்பட்டு விட்டுடுவீங்க. விட்டுப் பிடிக்கணும் சார். வாங்குறவனோட சேர்த்து அமுக்கணும்."

"அமுக்கிக் குடு. ஹெட் செக்யூரிட்டி நீதான்."

கம்பெனியில் மூன்று மாதமாகச் செம்புக் கம்பி காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஸ்டோரில் வேலை பார்க்கும் பெரியவர் ஸ்வெட்டருக்குள் புகுந்ததும் அதே மூன்று மாதமாகத்தான். எல்லாரையும் போல அவரையும் தடவிப் பார்க்கக் கழுகு கை நீட்டியபோது, மனிதர் நெஞ்சைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

"வேண்டாம் தம்பி... உடம்பு சரியில்ல."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது கழுகுக்குத் தெரியாதா? ஸ்வெட்டரையும் மீறி அந்த நெஞ்சு புடைத்திருந்ததைக் கண் அளந்துவிட்டது. சந்தேகமே இல்லை. கம்பியைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்!

"பரவாயில்லண்ணே, நீங்க போங்க" என்று தேன் ஒழுகச் சிரித்து அனுப்பினார். அன்றிலிருந்து பெரியவர் வரும்போதெல்லாம் அதே சிரிப்பு. சிரித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஆடு நன்றாகக் கொழுக்கட்டும்.

இன்று வேலை முடிந்ததும் பின்னாலேயே போனார்.

பெரியவர் பஸ் ஸ்டாப்புக்குப் போகாமல் ஒரு சந்துக்குள் திரும்பினார். சந்துக் கோடியில் பழைய இரும்புக் கடை! கழுகுக்கு அப்போதே ஹெட் செக்யூரிட்டி தொப்பி தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆனால் பெரியவர் கடையைத் தாண்டிப் பக்கத்துப் படிக்கட்டில் ஏறினார். மாடியில் ஒரு கிளினிக்.

'அடப்பாவி, டாக்டரும் கூட்டா?'

சிறிது இடைவெளி விட்டுக் கழுகும் ஏறினார். வெளியே பெஞ்சில் யாருமில்லை. பெரியவர் உள்ளே போய்விட்டிருந்தார். டாக்டர் அறைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் வெறும் பிளைவுட் தடுப்புதான். கழுகு காதை அதில் ஒட்டவைத்தார்.

"ஸ்வெட்டரைக் கழட்டுங்க" என்றார் டாக்டர்.

கழுகு மேனேஜர் நம்பரை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பக்கமுமா? எவ்வளவு நாளா?"

"மூணு மாசமா டாக்டர்."

கணக்கு சரி! கட்டை விரல் போன் மேல் இறங்கப் போனது.

"நீங்க இதயத்துக்குன்னு ஒரு மாத்திரை குடுத்தீங்களே, அதைச் சாப்பிட ஆரம்பிச்சப்புறம்தான். சொல்லவே நாக்கு கூசுது டாக்டர். நெஞ்சு ரெண்டும் பொம்பளைங்க மாதிரி வளருது. பட்டாலே வலி. பேத்தி, தாத்தா ஏன் என்னைத் தூக்கறதே இல்லன்னு அழுவுறா."

விரல் அந்தரத்தில் நின்றது.

"முன்னாடியே வந்து சொல்றதுக்கு என்ன?"

"வந்தேனே. வெளிய பெஞ்சு வரைக்கும் வருவேன். வெட்கம் புடுங்கித் தின்னும், எழுந்து போயிடுவேன். ரத்தத்துல ஹார்மோன் எல்லாத்தையும் பார்த்துடுங்க டாக்டர். கேக்கக் கூடாதுதான். ஆனா எனக்குள்ள என்ன மாறிப்போச்சுன்னு தெரியணும். நான் ஆம்பளைதானான்னு எனக்கே..."

"சேச்சே, என்ன பேச்சு இது? கேக்கறதுல தப்பே இல்ல. பெரும்பாலும் அந்த மாத்திரையோட வேலையாத்தான் இருக்கும், சில பேருக்கு இப்படி ஆகும். டெஸ்ட் எழுதித் தர்றேன், பார்த்துடுவோம். மாத்திரையையும் மாத்திடலாம். நீங்களா மட்டும் எதையும் நிறுத்திடாதீங்க."

கழுகுக்கு முதலில் வந்தது இரக்கமில்லை, ஏமாற்றம்தான். பதவி படியிறங்கிப் போவது கண்ணுக்கே தெரிந்தது. இருந்தாலும் விஷயம் விஷயம்தானே? கேட்டால் மேனேஜர் விழுந்து விழுந்து சிரிப்பார். நாளைக்குக் கம்பெனியே சிரிக்கும். நம்பரைத் தட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தார். மணி போனது.

உள்ளே டாக்டர் கேட்டார்: "ஆமா, உங்க கம்பெனி கேட்ல தடவிப் பார்த்துத்தானே வெளிய விடுவாங்க? மூணு மாசமா எப்படிச் சமாளிச்சீங்க? வேணும்னா உங்க மேனேஜர்கிட்ட நான் பேசட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் டாக்டர், ஊரே சிரிக்கும். கேட்ல ஒரு தம்பி இருக்கார். கழுகு, கழுகுன்னு எல்லாரும் அவரைக் கரிச்சுக் கொட்டுவாங்க. ஆனா முதல் நாளே என் கஷ்டம் அவருக்குப் புரிஞ்சிடுச்சு டாக்டர். ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. நான் கூசக் கூடாதேன்னு, நான் வர்றப்ப எல்லாம் சிரிச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிறார்."

கழுகு அவசரமாகப் போனை அணைத்தார்.

"வேலையே வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடத்தான் இருந்தேன் டாக்டர். அப்படி ஒரு நல்ல மனுஷன் நிக்கிற வாசலாச்சேன்னுதான் தினமும் தைரியமாப் போயிட்டு வர்றேன்."